ஜீன் அலைவெண் மாறுகிறது என்றால் உண்மையில் மாறுவது எது?

கேள்வி இது: "தலைமுறைகளில் ஜீன் அலைவெண் மாறுவதுதான் பரிணாமம் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஒரு சதவீதம் ஏறி இறங்குவது எப்படிப் பரிணாமம் ஆகும்? தகுதியானது பிழைக்கும் என்றால், உயிரைக் குடிக்கும் நோயைத் தருகிற ஜீன்கள் இத்தனை ஆயிரம் ஆண்டுகளில் ஏன் ஒழியவில்லை?"

நல்ல கேள்வி. இரண்டாவது பாதிக்குப் பதில் தேடினால் முதல் பாதி தானாகப் புரிந்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் மனதில் பதிந்துபோன ஒரு தப்பான படத்தை எடுத்துவிட வேண்டும்.

பரிணாமம் என்றதும் பலருக்கு ஒட்டகச்சிவிங்கிதான் நினைவுக்கு வரும். எட்டாத இலைக்காக எக்கி எக்கிக் கழுத்து நீண்டது, அது பிள்ளைக்கும் வந்தது, பேரனுக்கும் வந்தது என்ற கதை. அப்படி நடப்பதில்லை. எந்த ஒட்டகச்சிவிங்கியும் பிறக்கும்போது கொண்டுவந்த ஜீன்களோடுதான் சாகிறது. தனி உயிருக்குப் பரிணாமம் கிடையாது, கூட்டத்துக்குத்தான் உண்டு. எந்த ஜீன் வடிவம் கூட்டத்தில் நூற்றுக்கு எத்தனை பிரதி இருக்கிறது என்ற கணக்கு, பெற்றோர் தலைமுறையிலிருந்து பிள்ளைகள் தலைமுறைக்குப் போவதற்குள் மாறிவிடுகிறது. அந்தக் கணக்குதான் ஜீன் அலைவெண்.

வகுப்பில் நான் இதைக் காராமணியை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். ஒரு சொம்பில் 90 வெள்ளைக் காராமணி, 10 சிவப்புக் காராமணி. ஒவ்வொரு மணியும் ஒரு ஜீனின் ஒரு பிரதி, நிறம் அதன் வடிவம். நன்றாகக் குலுக்கி, பார்க்காமல் ஒன்றை எடுக்க வேண்டும். நிறத்தைக் குறித்துக்கொண்டு திரும்பப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுக்க வேண்டும். முதலாவது அம்மா தந்தது, இரண்டாவது அப்பா தந்தது. இரண்டும் சேர்ந்தால் ஒரு பிள்ளை. இப்படி நூறு பிள்ளைகளை எடுத்தால், கணக்குப்படி 81 பேர் வெள்ளை-வெள்ளை, 18 பேர் வெள்ளை-சிவப்பு, ஒருவர் சிவப்பு-சிவப்பு. மாணவர்கள் எடுக்கும்போது 79, 20, 1 என்று கொஞ்சம் முன்னே பின்னே வரும். பிறகு நூறு பிள்ளைகளிடமும் உள்ள 200 மணிகளை எண்ணச் சொல்வேன். 81 பேரிடமிருந்து 162 வெள்ளை, 18 பேரிடமிருந்து 18 வெள்ளையும் 18 சிவப்பும், கடைசி ஆளிடமிருந்து 2 சிவப்பு. ஆக 180 வெள்ளை, 20 சிவப்பு. அதே பத்து சதவீதம்தான்.

இதைக் கணிதமாக எழுதி 1908-ல் சயின்ஸ் இதழுக்குக் கடிதம் அனுப்பியவர் கேம்பிரிட்ஜின் கணிதவியலாளர் ஜி. எச். ஹார்டி. ஆமாம், ஆறு வருடம் கழித்து நம் ராமானுஜனை இங்கிலாந்துக்கு வரவழைத்த அதே ஹார்டிதான். விரல்கள் குட்டையாக இருக்கும் தன்மை ஓங்கு தன்மை (ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரிவது) என்றால், காலப்போக்கில் மக்களில் முக்கால்வாசிப் பேருக்குக் குட்டை விரல் வந்துவிடாதா என்று அப்போது ஒரு குழப்பம் இருந்தது. மரபியலாளர் புன்னெட் அதை ஹார்டியிடம் கொண்டுபோனார். ஹார்டிக்கு அது பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி. ஓங்கு என்பதாலேயே ஒரு ஜீன் பரவாது, ஒடுங்கு (இரண்டு பிரதியும் அதுவாக இருந்தால்தான் வெளியே தெரிவது) என்பதாலேயே தேயவும் தேயாது. யாரும் தலையிடாதவரை விகிதம் அப்படியே நிற்கும் என்று காட்டிவிட்டார். அதே ஆண்டு ஜெர்மனியில் வீன்பெர்க் என்ற மருத்துவரும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார். அதனால்தான் ஹார்டி-வீன்பெர்க் விதி என்கிறோம்.

பரீட்சைக்கு இந்த விதியை மனப்பாடம் செய்கிறவர்கள் அதன் அருமையைத் தவறவிடுகிறார்கள். தொந்தரவு எதுவும் இல்லாவிட்டால் சொம்பின் விகிதம் மாறாது என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் எங்காவது விகிதம் மாறினால், அங்கே ஏதோ ஒன்று தலையிட்டிருக்கிறது. ஜீனிலேயே புதிதாகத் திடீர் மாற்றம் வந்திருக்கலாம், வெளியிலிருந்து ஆட்கள் வந்து கலந்திருக்கலாம், கூட்டம் சிறுத்துப்போயிருக்கலாம், அல்லது இயற்கைத் தேர்வு நடந்திருக்கலாம், அதாவது ஒரு வடிவம் உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகம் பிழைத்து அதிகச் சந்ததி விட்டிருக்கலாம். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க முதலில் சாதாரண வெப்பநிலை எவ்வளவு என்று தெரிய வேண்டுமே, அது மாதிரி.

கூட்டம் சிறுத்துப்போவது என்றேன். அதே சொம்பிலிருந்து பத்தே பத்து மணிகளை எடுத்துப் புதுச் சொம்பில் போட்டுப் பாருங்கள், அதாவது ஐந்து பேர் மட்டும் கிளம்பிப்போய்ப் புது ஊர் அமைத்த மாதிரி. அந்தப் பத்தில் ஒரு சிவப்புகூட வராமல் போக ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. சில தடவை மூன்று சிவப்பு வந்து, பத்து சதவீதம் ஒரே தாவலில் முப்பது ஆகிவிடும். சிவப்பு நல்லதா கெட்டதா என்பதற்கு இதில் இடமே இல்லை, வெறும் அதிர்ஷ்டம்தான். தென்னிந்திய வணிகச் சமூகம் ஒன்றில், அறுவைச் சிகிச்சையின்போது தரப்படும் ஒரு தசைத் தளர்ச்சி மருந்தை உடல் சிதைக்க முடியாமல் போகும் ஜீன் வடிவம் மற்றவர்களைவிட அதிகமாக இருப்பது இதனால்தான். என்றோ சிலர் தொடங்கிய வம்சம், அப்புறம் தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே திருமணம். அந்த ஜீன் யாருக்கும் நன்மை செய்து பரவவில்லை. எந்த ஜீனைப் பார்த்தாலும் "இதனால் என்ன பயன்?" என்று காரணம் கற்பிக்கப் போகிறவர்கள் இந்த விஷயத்தை மறக்கக் கூடாது.

இப்போது இயற்கைத் தேர்வுக்கு வருவோம். பிரிட்டனின் மிளகுப் புள்ளி அந்துப்பூச்சி எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது; ஆனால் எண்களை விட்டுவிட்டுக் கதையை மட்டும் சொல்கிறார்கள். எண்களில்தான் விஷயமே இருக்கிறது.

இந்தப் பூச்சி இரவில் பறக்கும், பகலில் மரத்தில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளிர் இறக்கையில் மிளகுத்தூள் தூவிய மாதிரி கறுப்புப் புள்ளிகள். லைக்கன் (மரப்பட்டையில் பாசி மாதிரி படரும் வெளிர் உயிரி) படர்ந்த பட்டையில் உட்கார்ந்தால் பறவைக்குத் தெரியாது. 1848-ல் மான்செஸ்டரில் முழுக் கறுப்பான ஒரு பூச்சி பதிவானது. 1895 வாக்கில் அந்த வட்டாரத்தில் நூற்றுக்கு 98 கறுப்பு. இடையில் நடந்தது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ஆலைப் புகையில் லைக்கன் செத்தது, மரங்களில் கரி படிந்தது, வெளிர் பூச்சி பறவைகளின் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தது.

புகை பட்டு எந்தப் பூச்சியும் கறுக்கவில்லை. இடம் தாவும் டி.என்.ஏ. துண்டு ஒன்று கார்டெக்ஸ் என்ற ஜீனுக்குள் போய் உட்கார்ந்ததுதான் கறுப்புக்குக் காரணம் என்று 2016-ல் கண்டுபிடித்தார்கள். அது நடந்தது ஏறத்தாழ 1819-ல் என்பது அவர்களுடைய கணிப்பு. யாருக்கும் தேவைப்பட்டு அது வரவில்லை. சும்மா வந்தது. சுத்தமான காட்டில் வந்திருந்தால் முதல் குருவிக்கே இரையாகியிருக்கும்.

1924-ல் பிரிட்டிஷ் மரபியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன் இதற்குக் கணக்குப் போட்டார். இந்த ஹால்டேன்தான் பிற்காலத்தில் இந்தியாவுக்கே குடிவந்து, 1964-ல் புவனேஸ்வரில் காலமானவர். பூச்சிக்கு ஆண்டுக்கு ஒரு தலைமுறை. ஐம்பதே தலைமுறைக்குள் அரிதாக இருந்தது எல்லாமாக ஆக வேண்டுமானால், வெளிர் பூச்சி இரண்டு சந்ததி விட்டுச்சென்றால் கறுப்பு மூன்று விட்டுச்சென்றிருக்க வேண்டும் என்றார். அன்றைக்கு இது நம்ப முடியாத அளவு பெரிய வித்தியாசம்.

அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஆயிரத்தில் பத்து கறுப்பு என்று தொடங்குங்கள். அடுத்த ஆண்டு 15, அதற்கடுத்து 22, பிறகு 33. முதல் சில ஆண்டுகள் யாரும் கவனிக்கவே மாட்டார்கள். பன்னிரண்டாவது தலைமுறையில் பாதிக்குப் பாதி வந்துவிடும். இருபதாவது தலைமுறையில் நூற்றுக்கு 88 தாண்டிவிடும். ஆனால் அங்கிருந்து 99 ஆக இன்னும் இருபதுக்கும் மேற்பட்ட தலைமுறைகள் வேண்டும். ஏன் இப்படித் தேங்குகிறது? கறுப்பு ஓங்கு ஜீன், வெளிர் ஒடுங்கு ஜீன். மிச்சமிருக்கிற வெளிர் ஜீன்களில் பெரும்பாலானவை இப்போது கறுப்பு இறக்கைக்குள் ஒளிந்திருக்கின்றன. பறவைக்கு இறக்கைதான் தெரியும், ஜீன் தெரியாது. இயற்கைத் தேர்வு உடலைத்தான் பார்க்கிறது. உடல் வழியாகத்தான் ஜீனைத் தொட முடிகிறது.

ஒளிந்திருந்த அந்த வெளிர் ஜீன்தான் பிறகு கைகொடுத்தது. 1956-ல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்தது. கரி குறைந்தது, லைக்கன் திரும்ப வந்தது, கறுப்புப் பூச்சிகள் சரியத் தொடங்கின. லிவர்பூல் அருகே 1959-ல் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கறுப்பாக இருந்தவை, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் சிறுபான்மையாகிவிட்டன. எந்த நிறப் பூச்சியைப் பறவைகள் அதிகம் தின்கின்றன என்று பார்க்க 1950-களில் கெட்டில்வெல் என்ற ஆய்வாளர் செய்த சோதனைகளில் பூச்சிகளை அடிமரத்தில் விட்டதே தப்பு என்று பின்னால் பெரிய சர்ச்சை எழுந்தது. அதற்காகவே மரபியலாளர் மைக்கேல் மஜெரஸ் 2001 முதல் 2007 வரை கேம்பிரிட்ஜில் 4,864 பூச்சிகளை வைத்துச் சோதித்தார். மரத்தில் ஏறி, பூச்சிகள் உண்மையில் எங்கே உட்காருகின்றன என்று பார்த்தார். பாதிக்கு மேல் பக்கக் கிளைகளில். பறவைகள் அவற்றைக் கொத்தித் தின்பதையும் தொலைநோக்கியில் பார்த்தார். முடிவு அதேதான். சுத்தமான காட்டில் கறுப்புக்கே ஆபத்து அதிகம். அவர் 2009-ல் இறந்துவிட்டார். ஆய்வை 2012-ல் சக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். சந்தேகம் வந்தபோது வாதாடாமல் மரமேறிப் பார்த்தாரே, அதற்காகவே எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

"பூச்சி நிறம் மாறியது, கடைசியில் பூச்சி பூச்சியாகத்தானே இருக்கிறது?" என்று கேட்பார்கள். ஆமாம், இது ஒரே ஒரு ஜீன், ஒன்றரை நூற்றாண்டுக் கதை. ஒரு கூட்டம் இரண்டாகப் பிரிந்து, நடுவில் மலையோ கடலோ வந்து, ஆயிரக்கணக்கான ஜீன்களில் இப்படித் தனித்தனியாகக் கணக்கு மாறிக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்குப் பிறகு இரண்டும் கூடினாலும் குட்டி பிறக்காது. அன்றைக்கு அவை வேறு வேறு இனங்கள்.

அப்புறம், உங்கள் இரண்டாவது கேள்வி. நோய் தரும் ஜீன் ஏன் ஒழியவில்லை? இதற்குக் கதிர் அரிவாள் இரத்தசோகையைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

ஹீமோகுளோபின் புரதத்தின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து மாறினால் அங்கே வேலின் வந்துவிடும். இந்த மாறிய வடிவத்தை எஸ் என்றும், சாதாரண வடிவத்தை ஏ என்றும் சொல்வார்கள். இரண்டு பிரதியும் எஸ் ஆக இருப்பவரின் இரத்தத்தில், ஆக்சிஜன் குறையும்போது ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட நாராகும். வட்டமான சிவப்பணு வளைந்து அரிவாள் மாதிரி ஆகிவிடும். அது சின்ன இரத்தக் குழாய்களில் சிக்கும், தாங்க முடியாத வலி வரும். சுமார் 120 நாள் வாழ வேண்டிய அணு பத்து, இருபது நாளில் உடைந்துபோகும். மருத்துவம் இல்லாத காலத்தில் இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் வளர்ந்து ஆளாகவில்லை.

ஒரு ஏ, ஒரு எஸ் வைத்திருப்பவர் பொதுவாக நலமாகவே இருப்பார். அதோடு, ஃபால்சிபாரம் என்ற கொடிய வகை மலேரியா அவரை எளிதில் கொல்லாது. ஆப்பிரிக்காவில் மலேரியா அதிகமுள்ள பகுதிகளில் எஸ் ஜீனும் அதிகம் என்பதைக் கவனித்து, 1954-ல் இந்தத் தொடர்பை வெளியிட்டவர் ஆன்டனி அலிசன், கென்யாவில் வளர்ந்தவர். கடுமையான மலேரியாவிலிருந்து இவர்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு சுமார் 90 சதவீதம் வரை என்று பிற்கால ஆய்வுகள் காட்டின.

மீண்டும் காராமணிச் சொம்பு. மலேரியா உள்ள ஓர் ஊரில் ஆயிரம் குழந்தைகள் பிறக்கின்றன, எஸ் ஜீன் பத்து சதவீதம். 810 பேர் ஏ-ஏ, 180 பேர் ஏ-எஸ், 10 பேர் எஸ்-எஸ். அந்தப் பத்துப் பேரும் இரத்தசோகையில் இறந்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏ-ஏ குழந்தைகளில் ஒன்பதில் ஒன்றை மலேரியா கொண்டுபோகிறது, அதாவது 90 குழந்தைகள். ஏ-எஸ் குழந்தைகள் பிழைத்துக்கொள்கிறார்கள். மிஞ்சியவர்கள் 720 பேரும் 180 பேரும், மொத்தம் 900. அவர்களிடம் 1,800 பிரதிகள், அதில் எஸ் 180. பத்து சதவீதம். நூறு குழந்தைகளைப் புதைத்த பிறகும் அலைவெண் இம்மிகூட நகரவில்லை.

எஸ் தற்செயலாக இருபது சதவீதமாகிவிட்டால்? அப்போது 40 குழந்தைகள் எஸ்-எஸ் ஆகப் பிறந்து இறப்பார்கள். அடுத்த தலைமுறையில் எஸ் 18-க்கு இறங்கும். ஐந்து சதவீதமாகத் தேய்ந்துவிட்டால் மலேரியாவில் ஏ-ஏ குழந்தைகள் அதிகம் போவார்கள், எஸ் 5.3-க்கு ஏறும். இரண்டு பக்கமும் சாவு இழுக்க, நடுவில் தராசு முள் மாதிரி பத்தில் வந்து நிற்கிறது. எஸ் நல்ல ஜீனா, கெட்ட ஜீனா என்ற கேள்விக்கு ஜீனைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. எந்த ஊர், அங்கே கொசு எப்படி, கூட இருக்கும் இன்னொரு பிரதி எது என்று கேட்டுத்தான் சொல்ல முடியும். "தகுதி" என்ற சொல்லுக்கு உயிரியலில் இவ்வளவுதான் பொருள்.

இது நமக்குத் தூரத்துக் கதையும் இல்லை. இந்தியாவில் இந்த ஜீன் முதன்முதலில் பதிவானது 1952-ல், நீலகிரியின் பழங்குடி மக்களிடம். பிறகு மத்திய இந்தியாவின் பழங்குடிப் பகுதிகளிலும் பரவலாக இருப்பது தெரிந்தது. 2023-ல் தொடங்கிய தேசியத் திட்டம், 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை செய்து 2047-க்குள் நோயை ஒழிப்பதை இலக்காக வைத்திருக்கிறது.

மலேரியா போய்விட்டால் எஸ் தானாக மறைந்துவிடுமா? மெதுவாக. ரொம்ப மெதுவாக. எஸ்-எஸ் குழந்தைகளுக்குச் சிகிச்சையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் அலைவெண் பத்தில் ஒன்று, அடுத்த தலைமுறையில் பதினொன்றில் ஒன்று, பிறகு பன்னிரண்டில் ஒன்று என்றுதான் இறங்கும். இருபதில் ஒன்றாகப் பத்துத் தலைமுறை, அதாவது சுமார் 250 ஆண்டுகள். நாற்பதில் ஒன்றாக இன்னும் இருபது தலைமுறை. எண்பதில் ஒன்றாக மேலும் நாற்பது. அந்துப்பூச்சியில் பார்த்த அதே ஒளிவு இங்கேயும். அரிதாக ஆக ஆக, எஸ் ஜீன்கள் நலமாக இருக்கும் ஏ-எஸ் மனிதர்களுக்குள்ளேயே போய்த் தங்கிவிடுகின்றன. அமெரிக்காவில் மலேரியா ஒழிந்து பல தலைமுறை ஆகியும், அங்குள்ள கறுப்பினக் குழந்தைகளில் சுமார் 13-ல் ஒன்று இன்னும் ஏ-எஸ் ஆகப் பிறக்கிறது. இன்றைக்குச் சிகிச்சையால் எஸ்-எஸ் பிள்ளைகள் பிழைத்து வளர்ந்து குடும்பம் நடத்துகிறார்கள், அது நடக்கவும் வேண்டும். அதனால் இறக்கம் இன்னும் மெதுவாகும்.

பலர் கவனிக்காத ஓர் இடம் இங்கே இருக்கிறது. ஏ-எஸ் ஆக உள்ள இருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் எஸ்-எஸ் ஆக நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அதனால்தான் திருமணத்துக்கு முன்பே பரிசோதித்து, இருவருக்கும் அதை விளக்கிச் சொல்கிறார்கள். ஓர் ஊரில் ஆயிரம் பேரில் 200 பேர் ஏ-எஸ், அவர்கள் எல்லோரும் ஏ-ஏ உள்ளவர்களையே மணக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தலைமுறையில் ஒரு குழந்தைக்குக்கூட நோய் இருக்காது. ஆனால் மணிகளை எண்ணினால் 2,000-ல் 200, அதே பத்து சதவீதம். நோய் ஊரிலிருந்து முழுக்கப் போயிருக்கும், ஜீன் ஒன்றுகூடக் குறைந்திருக்காது.